சல்லடை மட்டும் அல்ல, திருப்பி எடுக்கும் இடமும்கூட

சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் ஒரு சல்லடை என்று பொதுவாகச் சொல்வார்கள். சரிதான், ஆனால் அது பாதிக் கதை. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நெஃப்ரான்கள், அதாவது நுண்ணிய வடிகட்டும் அலகுகள், இருக்கின்றன. அவற்றின் தொடக்கத்தில் உள்ள தந்துகி முடிச்சில் (மிக மெல்லிய ரத்தக் குழாய்களின் சுருளில்), ரத்த அழுத்தத்தின் வேகத்திலேயே நீர், உப்பு, குளுக்கோஸ், யூரியா எல்லாம் வடிந்துவிடும். ரத்த அணுக்களும் பெரிய புரதங்களும் உள்ளேயே நிற்கும். இப்படி ஒரு நாளில் வடிவது சுமார் 180 லிட்டர். நம் உடலில் உள்ள பிளாஸ்மாவோ, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதியோ, 3 லிட்டர்தான்!

அப்புறம் 180 லிட்டரும் எங்கே போகிறது? அங்கேதான் எனக்கு வியப்பே. தந்துகி முடிச்சை அடுத்து நெஃப்ரானில் நீளும் நுண்குழல்கள் நீரில் 99 சதவீதத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்கின்றன. குளுக்கோஸை அநேகமாக முழுவதும். வெளியேறும் சிறுநீர் ஒன்றரை லிட்டர் அளவுதான். வடிகட்டலில் தப்பிய சில மருந்துகளையும் மிகுதியான பொட்டாசியத்தையும் இதே குழல்கள் ரத்தத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளவும் செய்கின்றன. பென்சிலின் அப்படித்தான் வேகமாக வெளியேறுகிறது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சல்லடை பழுதானால் அல்புமின் என்ற புரதம் சிறுநீரில் கசியும். வலி இருக்காது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் ஏறுவதற்குள் வடிகட்டும் திறனில் பாதிகூடப் போயிருக்கலாம். அதனால் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ உள்ளவர்கள் கிரியேட்டினினோடு நிறுத்தாமல், சிறுநீரில் அல்புமினையும் ஆண்டுக்கு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.