பவுடர் பனி இல்லாவிட்டால் இறங்க மாட்டார்களாம்!

இரண்டு காலையும் ஒரே பலகையில் கட்டிக்கொண்டு பனியில் சறுக்குகிறோமே, அந்த ஸ்னோபோர்டு, பவுடர் என்கிற மெத்தென்ற புதுப்பனி விழுந்தால்தான் ஸ்னோபோர்டாம். இயந்திரம் ஓட்டிச் சமன் செய்த சரிவில் இறங்குவது குழந்தைகள் விளையாட்டாம். இதைச் சொல்கிறவர்கள் யார் என்று பாருங்கள். பனிமலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் என்றால் கைகட்டிக் கேட்டுக்கொள்வேன். குன்னூரிலும் கேத்தியிலும் ஊட்டியிலும் உட்கார்ந்துகொண்டு, வருடத்துக்கு ஒரு வாரம் காஷ்மீரின் குல்மார்க் போய்வந்து, மீதி நாளெல்லாம் கைபேசியில் வீடியோ பார்க்கிறவர்கள்! நவம்பர் பிறந்தால் போதும், எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் புராணம் தொடங்கிவிடுகிறது. விடிந்தால் ஒரு வீடியோ, அடைந்தால் ஒரு வீடியோ. எவனோ ஒருவன் ஜப்பானிலோ அலாஸ்காவிலோ இடுப்பளவுப் பனியைக் கிழித்துக்கொண்டு இறங்குகிறான். கீழே நம் ஆள் ஒருவர், "இதுதான் ஸ்னோபோர்டு, மற்றதெல்லாம் சும்மா" என்று எழுதுகிறார். கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் என் மைத்துனர். போன வருடம் கடன் வாங்கி ஒரு பவுடர் போர்டு வாங்கினார். முன்மூக்கு அகலம், வால் பக்கம் குறுகல், கால் வைக்கும் இடம் சற்றே பின்தள்ளி. புதுப்பனியில் மூக்கு புதையாமல் மிதக்க வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். நல்ல போர்டுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது குடியிருப்பது லவ்டேலில், ஒரு கட்டிலுக்கு அடியில். நாங்கள் போகிற குல்மார்க் ஏறத்தாழ 2,500 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஆடி மாத மழையில் சுவரே பூஞ்சை பிடிக்கிற ஊரில், போர்டின் இரும்பு விளிம்பு சும்மா இருக்குமா? பழுப்பாகத் துருவேறி நிற்கிறது. துருவைத் தேய்த்து மெழுகு பூசித் தருவது யார்? நான்தான். தேய்த்துக்கொண்டிருக்கும்போது எதிரில் உட்கார்ந்து, வர்க்கியை டீயில் நனைத்தபடி, "மாமா, நீங்கள் இன்னும் அந்தச் சமன் செய்த சரிவிலேயேதான் சுற்றிக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்கிறார். எனக்கு எப்படி இருக்கும்?

தொட்டபெட்டாவின் உயரம் 2,637 மீட்டர். குல்மார்க் ஏறத்தாழ 2,650 மீட்டர். உயரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் அவர்கள் 34 டிகிரி வடக்கே இருக்கிறார்கள், நாம் 11 டிகிரியில் கிடக்கிறோம். அதனால் அங்கே ஆள் உயரத்துக்குப் பனி குவிகிறது, நமக்குத் தலைகுந்தாவிலும் காந்தலிலும் குதிரைப் பந்தய மைதானத்திலும் புல்நுனியில் உறைபனி மட்டும். வெயில் ஏறினால் அதுவும் போய்விடும். ஆக, எங்களுக்குப் பனி என்பது விடுப்பெடுத்து, பணம் சேர்த்து, கோவையிலிருந்து டெல்லி, டெல்லியிலிருந்து ஸ்ரீநகர், அங்கிருந்து தங்மார்க், சக்கரத்தில் சங்கிலி கட்டிய வண்டியில் கடைசி ஏற்றம் என்று படாத பாடு பட்டுப் போய்ச் சேர்கிற ஒரு வாரம். அந்த ஒரு வாரத்தை என்ன செய்கிறார்கள் தெரியுமா? ஹோட்டல் ஜன்னலோரம் உட்கார்ந்து வானத்தைப் பார்க்கிறார்கள். "இன்றைக்குப் புதுப்பனி இல்லை, நாளைக்குப் பார்ப்போம்."

பனி என்ன, நம் விடுப்புக் கடிதத்தைப் பார்த்துவிட்டா விழுகிறது? 2024 ஜனவரியில் குல்மார்க் மைதானமே பழுப்பு நிறத்தில் காய்ந்து கிடந்தது. மாதக் கடைசியில்தான் சொல்லிக்கொள்ளும்படி பனி விழுந்தது. மறு வருடம் தேசியக் குளிர்கால விளையாட்டுப் போட்டியையே பனி போதவில்லை என்று பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளிவைத்தார்கள். அரசாங்கத்துக்கே அந்த நிலைமை. இவருக்கு மட்டும் திங்கள் முதல் சனி வரை தினமும் ஒன்றரை அடி விழ வேண்டுமாம்.

பவுடர் சுகத்தை நான் மறுக்கவில்லை. மறுக்கிறவன் அதில் இறங்கியிருக்கவே மாட்டான். புதுப்பனியில் பத்தில் ஒன்பது பங்கு காற்றுதான். பலகைக்கு அடியில் தரையே இல்லாததுபோல் இருக்கும். சத்தம் இல்லை, அதிர்வு இல்லை, விழுந்தாலும் வலி இல்லை. சரி. ஆனால் எத்தனை நேரத்துக்கு? ஆட்களை மேலே ஏற்றும் கம்பிவடப் பெட்டியான கண்டோலா திறந்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஆட்கள் குறுக்கும் நெடுக்குமாய் உழுதுவிடுவார்கள். அப்புறம் மேடும் பள்ளமும்தான். மதிய வெயில் பட்டால் மேல்பரப்பு இளகி, இரவுக் குளிரில் அப்பளம்போல் ஓடு கட்டிவிடும். அந்த ஓட்டை உடைத்துக்கொண்டு இறங்குவது தண்டனை. இதையெல்லாம் வீடியோவில் காட்ட மாட்டார்கள். ஆறு நாள் காத்திருந்து எடுத்த நாற்பது விநாடியைத்தான் காட்டுவார்கள்.

மைத்துனர் பவுடரில் இறங்கியதையும் பார்த்துவிட்டேன். கண்டோலாவின் முதல் கட்டம் முடிகிற கொங்தூரிக்குக் கீழே, மரங்களை ஒட்டிய சரிவு. கையை விரித்துக்கொண்டு நேர்கோட்டில் இறங்கினார். திருப்பம் என்று ஒன்று இருந்ததாக எனக்கு நினைவில்லை. சரிவு இருந்தவரை சரி. கீழே தரை சமமானதும் வேகம் செத்துப்போயிற்று. ஸ்கீக்காரன் என்றால் கையில் இரண்டு கோல் இருக்கிறது, ஊன்றித் தள்ளிக்கொண்டு போய்விடுவான். ஸ்னோபோர்டில் இரண்டு காலும் ஒரே பலகையில் கட்டுண்டு கிடக்கின்றன. வாரைக் கழற்றி ஒரு காலை வெளியே வைத்தார், தொடை வரை போயிற்று. இன்னொரு காலை வைத்தார், இடுப்பு வரை போயிற்று. போர்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மார்பை வைத்து, தவழ்ந்து, உருண்டு, கையுறைக்குள் பனி புகுந்து, கண்ணாடியில் ஆவி படிந்து, பாதைக்கு வந்து சேர்வதற்குள் காலைப்பொழுதே முடிந்துவிட்டது. அதற்குள் நாங்கள் எதிர்ச்சரிவில் ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தோம். அன்று இரவு குழுவில் அவர் போட்ட படத்தின் கீழே எழுதியிருந்தது: "வாழ்க்கையில் ஒரு நாள்."

இப்போது அவர்கள் இளக்காரம் செய்கிற அந்தச் சரிவுக்கு வருகிறேன். குல்மார்க்கில் அப்படிச் சமன் செய்யும் சரிவுகள் இருப்பதே கொஞ்சம்தான். அதையும் மதிக்க ஆளில்லை. ஊர் தூங்கும் நேரத்தில் சங்கிலிப்பட்டை ஓடும் ஒரு கனத்த இயந்திரம் மேலும் கீழும் போகிறது. முன்னால் இருக்கும் தகடு மேட்டைச் சீவிப் பள்ளத்தில் தள்ளும். பின்னால் சுழலும் பல்லுருளை கட்டியை உடைத்துத் தூளாக்கும். அதற்கும் பின்னால் இருக்கும் சீப்பு, விரல் அகலத்துக்கு வரிவரியாகக் கோடு போட்டுவிட்டுப் போகும். அப்புறம் அதைச் சில மணி நேரம் சும்மா விட வேண்டும். உடைந்த பனித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகுவதற்கு அவ்வளவு நேரம் தேவை. அதனால்தான் அந்த வேலையை இரவில் வைத்துக்கொள்கிறார்கள். முழு இரவு ஒருவன் குளிரில் கண்விழித்து ஓட்டியதன்மேல் நின்றுகொண்டு, "சப்பென்று இருக்கிறது" என்று சொல்ல எப்படி மனம் வருகிறது?

காலையில் முதல் ஆளாய் அங்கே நின்று பார்த்திருக்கிறீர்களா? வெயில் சாய்வாக விழும்போது ஒவ்வொரு வரிக்கும் ஒரு நிழல் இருக்கும். பலகையைப் பக்கவாட்டில் சாய்த்தால் இரும்பு விளிம்பு பனியைக் கவ்விக்கொள்ளும். ஸ்னோபோர்டின் இரண்டு பக்கமும் உள்நோக்கி வளைந்திருப்பதே இதற்காகத்தான். சாய்க்கச் சாய்க்கப் பலகை வில்லாக வளைந்து, அந்த வளைவிலேயே தானாகத் திரும்பும். விரல் பக்கம் ஒரு வளைவு, குதிகால் பக்கம் ஒரு வளைவு. முழங்கால் நடுங்கும், தொடை எரியும், கை பனியை உரசும். கீழே வந்து திரும்பிப் பார்த்தால் பென்சிலால் கிழித்த மாதிரி ஒரே ஒரு மெல்லிய கோடு. அந்தக் கோடு தடித்திருந்தால் சறுக்கியிருக்கிறீர்கள், திரும்பவில்லை. பனியே சொல்லிக் கொடுத்துவிடும்.

அங்கேதான் விஷயமே இருக்கிறது. பவுடர் குற்றத்தை மறைக்கும். எடையைத் தப்பாக வைத்தாலும், தோளைத் திருகினாலும், வழுக்கிக்கொண்டே வந்தாலும் மெத்தென்று தாங்கிக்கொள்ளும். சமன் செய்த சரிவு தாங்காது. குதிகால் விளிம்பு ஒரு நொடி நழுவினால் பின்புறம் தரையில் மோதும், மூன்று நாளைக்கு உட்கார முடியாது. இந்த வீராதிவீரர்கள் அதைத் தவிர்ப்பதற்கு ரசனை காரணம் இல்லை, பயம்தான் காரணம். சேரிங்கிராஸில் வண்டியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவன், கல்லட்டிப் பாதையின் 36 கொண்டை ஊசி வளைவுகளில்தான் ஓட்டுவேன் என்று அடம்பிடித்தால் நாம் என்ன சொல்வோம்? சாவியைப் பிடுங்கி வைத்துக்கொள்வோம்.

குழந்தைகள் விளையாட்டு என்கிறார்களே, 1998-இல் நாகானோவில் ஸ்னோபோர்டு முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தபோது வைத்த இரண்டு பந்தயங்களும், பெரும் வளைவு ஓட்டமும் (ஜயண்ட் ஸ்லாலம்), குழாயைப் பாதியாகப் பிளந்த மாதிரியான பள்ளத்தில் ஏறி இறங்கும் பாதிக்குழாயும் (ஹாஃப்பைப்), இயந்திரம் தயார் செய்த பனியில்தான் நடந்தன. 2018-இல் செக் நாட்டு எஸ்டர் லெடெக்கா ஒரே ஒலிம்பிக்கில் ஸ்கீயிலும் ஸ்னோபோர்டிலும் தங்கம் வாங்கினாரே, அவர் என்ன இடுப்பளவுப் புதுப்பனியிலா இறங்கினார்? போய்ச் சொல்லுங்கள் அவரிடம், "அம்மா, இதெல்லாம் சும்மா" என்று.

இவ்வளவும் வெறும் பீற்றல் என்றால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். என் ஆத்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. குல்மார்க்கில் பவுடர் வேண்டும் என்றால் பெரும்பாலும் கண்டோலாவின் இரண்டாம் கட்டத்தில் ஏறி அஃபர்வத் மலைக்குப் போக வேண்டும். 3,900 மீட்டருக்கு மேல். ரோந்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளும் எல்லையைத் தாண்டிவிட்டால் கேட்பாரில்லை. 2023 பிப்ரவரியில் அங்கே பனி சரிந்து விழுந்ததில், அதாவது பனிச்சரிவில், போலந்து நாட்டவர் இரண்டு பேர் உயிரை விட்டார்கள். அடுத்த பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர். அவர்கள் ஒன்றும் பனியைப் பார்க்காத ஊரிலிருந்து வந்தவர்கள் இல்லை.

டிசம்பரில் தலைகுந்தாவுக்கு விடியற்காலையில் போய், புல்மேல் படிந்த உறைபனியைக் குனிந்து குனிந்து படமெடுத்து, "நம் ஊர்க் காஷ்மீர்" என்று போடுகிறாரே மைத்துனர், அது எப்படி உண்டாகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? வானம் தெளிவாக, காற்று அசையாமல் இருக்கும் இரவில் தரை தன் சூட்டையெல்லாம் மேலே விட்டுவிட்டுக் குளிர்கிறது. காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகாமல் நேரே படிகமாகப் புல்லில் ஒட்டிக்கொள்கிறது. பனிமலையிலும் அதே இரவு, அதே காரியம். பனியின் மேற்பரப்பில் இறகு இறகாகப் படிகங்கள் முளைக்கும். பார்க்க அவ்வளவு அழகு. அதன்மேல் ஒன்றரை அடி புதுப்பனி விழுந்தால் படிகங்கள் அடியில் அப்படியே நிற்கும், சுலபத்தில் எதோடும் ஒட்டாது. சரிவு 30 டிகிரிக்கு மேல் இருந்தால், மேலே ஓர் ஆள் ஏறி நின்ற பாரம் போதும், மொத்தப் பரப்பும் பலகையாக உடைந்து கிளம்பிவிடும். நம்மவர் "ஆகா, புதுப்பனி" என்று குதிப்பது சரியாக அதன்மேல்தான்.

புதைந்தவரைக் கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுத்தால் பிழைக்க வாய்ப்புண்டு. அதற்குப் பிறகு அந்த வாய்ப்பு மளமளவென்று குறைகிறது. அதனால்தான் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சிக்னல் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் கோல், மண்வெட்டி மூன்றும் ஒவ்வொருவர் முதுகிலும் இருக்க வேண்டும், பயன்படுத்தவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். போர்டுக்குக் கடன் வாங்கியவர் இந்தக் கருவிக்கு, "வாடகைக்குக் கிடைக்கும் மாமா, பார்த்துக்கொள்ளலாம்" என்கிறார். 2009 நவம்பரில் கேத்தியிலும் அச்சனக்கல்லிலும் மண் சரிந்ததைப் பார்த்த ஊர்க்காரர் இப்படிப் பேசுகிறார். மழைக்காலத்தில் வீட்டுக்குப் பின்னால் ஒரு விரிசல் தெரிந்தால் இரவெல்லாம் தூங்காத மனிதர், மலை மண்ணுக்குப் பதில் வெள்ளையாக இருந்தால் மட்டும் எப்படி நம்பிவிடுகிறார்?

வரும் பிப்ரவரிக்கு நான் சொல்லிவிட்டேன். முதல் மூன்று நாள் எல்லோரும் சமன் செய்த சரிவில் என்னோடு இறங்க வேண்டும். இரண்டு விளிம்பிலும் தொடர்ந்து திரும்பத் தெரிந்தவர்களுக்குப் பிறகு வழிகாட்டி வைத்து, கருவி மூன்றும் வாங்கி, அன்றைய பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்துவிட்டு மேலே போவோம். சம்மதம் இல்லாதவர்கள் தனி டிக்கெட், தனி அறை, தனிக் கணக்கு. பெரிய சண்டை. "மாமாவுக்கு வயதாகிவிட்டது" என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் குழுவை விட்டே போய்விட்டார், மறுநாள் திரும்பி வந்தார்.

மைத்துனர் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை. நேற்று இரவு பதினொன்றரை மணிக்கு எனக்கு மட்டும் தனியாக ஒரு செய்தி: "மாமா, கண்டோலாவில் முதல் கட்டத்துக்கு மட்டும் டிக்கெட் எடுத்தால் எவ்வளவு மிச்சமாகும்?" நான் பதில் போடவில்லை. முதலில் அந்தத் துருவை அவரே தேய்க்கட்டும்.