கண்ணெதிரே நிற்கிறவருக்கு வரிசை கிடையாதா?

ஒரு சாண்ட்விச் கடையில் பணம் கட்டிவிட்டுக் காத்து நின்றதைப் பற்றி நேற்று எழுதிய பதிவுக்கு வந்த கமெண்ட்களைப் படித்துவிட்டு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை. "ஒரு சாண்ட்விச்சுக்கு இவ்வளவு பஞ்சாயத்தா?" என்று கேட்டவர்களில் நான் மதிக்கிற நண்பர்களும் உண்டு. அதனால் இன்னொரு முறை சொல்கிறேன். லேட் ஆனது என் புகார் இல்லை. கேட்ட பிறகு செய்து தருகிற கடையில் நேரம் ஆகத்தான் செய்யும். நான் கேட்டது ஒன்றுதான்: பணம் கட்டி, பில்லைக் கையில் வைத்துக்கொண்டு எதிரே நிற்கிறவரைத் தாண்டி, அவருக்குப் பின்னால் ஆப்பில் வந்த ஆர்டர்கள் எப்படி முதலில் போகும்?

"பாவம்ங்க அந்தக் கவுன்ட்டர் பையன், அவனைப் போய் திட்டுறீங்களே." எங்கே திட்டினேன்? பதிவைத் திரும்பப் படியுங்கள். பிரெட் வெட்டுவது, டோஸ்ட் போடுவது, காய் அடுக்குவது, பில் போடுவது எல்லாம் அவன் ஒருத்தனே. பக்கத்தில் ஆப் ஆர்டர் வருகிற டேப்லெட் அடித்துக்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவன் நம் பிரெட்டை அப்படியே விட்டுவிட்டு அங்கே போகிறான். போகாவிட்டால் அவனுக்குத்தான் திட்டு. கடை எவ்வளவு நேரத்தில் ஆர்டரைத் தயார் செய்கிறது என்று ஆப் கம்பெனிகள் கணக்கு வைக்கின்றன. 2022 மார்ச்சில் சொமாட்டோ பத்து நிமிஷச் சாப்பாடு என்று அறிவித்தது. 2024 அக்டோபரில் ஸ்விக்கியும் 'போல்ட்' என்று பத்து நிமிஷ டெலிவரி கொண்டுவந்தது. ஊர் முழுக்க ஏறுகிற இந்த அவசரம் கடைசியில் வந்து விழுவது கவுன்ட்டரில் தனியாக நிற்கிற ஒரு பையன் மேல். இன்னொரு ஆளைப் போடாத முதலாளியைத்தான் கேட்கிறேன், அவனை இல்லை.

2001-ல் சப்வே சாண்ட்விச் கடை இந்தியாவுக்கு வந்தபோது அந்தக் கண்ணாடி கவுன்ட்டர் நமக்குப் புதுசு. பிரெட் நகர நகர நாமும் கூடவே நகர்ந்து, வெங்காயம் வேண்டாம், ஆலிவ் இன்னும் கொஞ்சம் என்று சொல்லிக்கொண்டே போவோம். யாருக்கு அடுத்து யார் என்ற சந்தேகமே வராது. ஆப் ஆர்டருக்குக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ஆள் கிடையாது. அதனால்தான் அது எங்கே வேண்டுமானாலும் நடுவில் நுழைகிறது.

மும்பையில் வேலை பார்த்த காலத்தில் ஃபோர்ட் பக்கம் தெருவோர சாண்ட்விச்தான் எனக்கு மதியச் சாப்பாடு. வெண்ணெய், பச்சைச் சட்னி தடவி, வெள்ளரி, தக்காளி, பீட்ரூட், வேகவைத்த உருளைக்கிழங்கை பிரெட் மேலேயே சீவிப் போட்டு, கைப்பிடி டோஸ்டரில் வைத்து நெருப்பில் திருப்பித் திருப்பிச் சுடுவார் கடைக்காரர். சுற்றிப் பெரிய கூட்டம், டோக்கன் கிடையாது. ஆனாலும் முதலில் வந்தவருக்கு முதலில். கோட்டு சூட்டு போட்டவர் வந்தாலும் சரி, மூட்டை தூக்குகிறவர் வந்தாலும் சரி. நடைபாதையில் அவரால் முடிந்தது ஏசி கடையில் முடியாதா?

"வீட்டிலேயே செஞ்சு சாப்பிடலாமே" என்றவர்களுக்குப் பதில் சொல்ல மனமில்லை.

ஆனால் ஒருவர், "கடையில உட்கார்ந்துகிட்டே ஆப்ல போட்டிருந்தா உடனே வந்திருக்குமே" என்று எழுதி, அதற்கு அத்தனை லைக். அதுதான் எனக்கு வலித்தது. என்னோடு வந்தது அப்பா. சர்க்கரை உள்ளவர், நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். ரேஷன் கடை, ஈபி ஆபீஸ், பேங்க் என்று வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்றவர். ஒரு இடத்திலும் யாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் போனதில்லை. ஆப் ஆர்டர்கள் பை பையாக எங்களைத் தாண்டிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றவர் மெதுவாகக் கேட்டார்: "நாம ஏதும் தப்பா சொல்லிட்டோமாப்பா?"

எழுபது வயதைத் தாண்டிய மனுஷர், முறைப்படி நின்றதற்காகத் தன் மேலேயே சந்தேகப்படுகிறார். அவருக்கு ஆப் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும் என்று சொல்ல நீங்கள் யார்?

ஆப் ஆர்டருக்குத்தான் முதலிடம் என்றால் வாசலிலேயே எழுதி ஒட்டட்டும். பணம் கட்டுவதற்கு முன்பே அப்பாவைக் கூட்டிக்கொண்டு வேறு கடைக்குப் போயிருப்பேன்.

கடைப் பெயரைக் கேட்டு இன்பாக்ஸுக்கு வராதீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் முதலில் வேலை போவது அந்தப் பையனுக்குத்தான்.