பிரிசெட் வாங்கும் முன் கர்வைத் தொட்டுப் பாருங்கள்

புகைப்படத்தின் நிறங்களை மாற்றி அதற்கொரு தோற்றம் கொடுக்கும் கலர் கிரேடிங் கற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்பவர்களில் பலருக்கு வேண்டியது ஒரு நல்ல பிரிசெட் பேக், அவ்வளவுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரிசெட் என்பது யாரோ ஒருவர், வேறு வெளிச்சத்தில் எடுத்த தன் படத்துக்காக நகர்த்திவைத்த ஸ்லைடர்கள். மேகமூட்டத்தில் எடுத்த படத்துக்குப் பொருந்திய எண்களை மஞ்சள் பல்பின் கீழ் எடுத்த முகத்தில் போட்டால், காமாலை வந்தது போலத்தான் இருக்கும்.

முதலில் நிறப் பிழைகளைத் திருத்தும் கரெக்‌ஷன், பிறகுதான் கிரேடிங். வெள்ளையை வெள்ளையாகவே காட்டும் வொயிட் பேலன்ஸைச் சரிசெய்யாமல், நீலப்பச்சையும் ஆரஞ்சும் சேர்ந்த டீல்-ஆரஞ்சு பூசுவது ஈரச் சுவரில் பெயின்ட் அடிக்கிற கதை. வெளிச்சத்தின் நிறத்தை அளக்கும் கணக்கில் பகல் வெளிச்சம் சுமார் 5500 கெல்வின். மஞ்சள் வெளிச்சம் தரும் டங்ஸ்டன் பல்பு 3000 பக்கம். ஜன்னல் வெளிச்சமும் பல்பும் ஒரே படத்தில் கலந்திருந்தால் படம் முழுவதையும் ஒரே மாதிரி மாற்றும் ஒற்றை டெம்ப் ஸ்லைடரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. படத்தின் ஒரு பகுதியை மட்டும் தேர்ந்தெடுக்கும் மாஸ்க் போட்டுத் தனித்தனியாகச் சரிசெய்ய வேண்டியதுதான்.

அடுத்து டோன் கர்வ், அதாவது நிழல் முதல் வெளிச்சம் வரையான அளவுகளை மாற்றும் கோடு. எல்லோரும் நிறம் தேர்ந்தெடுக்கும் வட்டங்களான கலர் வீல்களிலிருந்து தொடங்குகிறார்கள். நான் கர்வ் கட்சி. சிவப்பு, பச்சை, நீலம் என்று படத்தின் நிறங்கள் பிரிந்திருக்கும் மூன்று சேனல்களில் நீலச் சேனலை எடுத்து, கோட்டின் கீழ் முனையைக் கொஞ்சம் தூக்குங்கள். நிழல்களில் நீலம் ஏறும். மேல் முனையை இறக்குங்கள். வெளிச்சமான இடங்களில் மஞ்சள் வரும். நீலத்துக்கு எதிர் மஞ்சள், சிவப்புக்கு சயான் என்ற நீலப்பச்சை, பச்சைக்கு மெஜந்தா என்ற ஊதா கலந்த சிவப்பு. இந்த மூன்று ஜோடிகள் மனதில் பதிந்துவிட்டால், பிடித்த படம் ஒன்றைப் பார்த்ததும் எந்தச் சேனலில் கை வைத்திருக்கிறார்கள் என்று ஊகிக்கத் தொடங்கிவிடுவீர்கள். காசு கொடுத்து வாங்கிய 'ஃபிலிம் லுக்'கைத் திறந்து கர்வைப் பாருங்கள், பெரும்பாலும் இதே வித்தைதான்.

அடோபியின் புகைப்படத் திருத்த மென்பொருளான லைட்ரூமில் 2020 அக்டோபரில், நிழலுக்கும் வெளிச்சத்துக்கும் தனித்தனி நிறம் சேர்க்கும் ஸ்ப்ளிட் டோனிங் போய் வீல்கள் வந்தன. இடைப்பட்ட வெளிச்சமான மிட்டோனுக்கும் தனியாக ஒன்று கிடைத்தது. நல்ல வசதிதான், குறை சொல்லவில்லை. சந்தா கட்ட மனமில்லையா, டார்க்டேபிள் என்ற மென்பொருள் இலவசம். ஆரம்பத்தில் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்.

கேமரா சென்சாரின் பதிவை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைலில் பழகுங்கள். 8 பிட் ஜேபெக்கில் ஒரு சேனலுக்கு 256 படிகள்தான். 14 பிட் ராவில் 16,384. ஜேபெக்கின் நீல வானத்தை ரொம்ப இழுத்தால் பட்டை பட்டையாகப் பிரிவது இதனால்தான். திரையில் நைட் மோட் ஓடுகிறதா என்றும் பாருங்கள். அந்த மஞ்சளை ஈடுகட்ட நம் கை தானாகவே நீலத்தைக் கூட்டிவிடும்.

கடைசியாகத் தோல். மனிதத் தோல் எந்த நிறமானாலும் அதன் ஹியூ, அதாவது நிறச் சாயல், ஆரஞ்சை ஒட்டியே இருக்கும். வேறுபாடு பெரும்பாலும் லூமினன்ஸ் என்ற பிரகாசத்திலும் சாச்சுரேஷன் என்ற நிறச் செறிவிலும்தான். இது தெரிந்ததும் நம் ஆட்கள் செய்கிற முதல் காரியம், ஆரஞ்சு லூமினன்ஸை ஏற்றி முகத்தை வெளுக்க வைப்பது! கேட்டால் 'ஸ்கின் டோன் கிரேடிங்' என்கிறார்கள். கன்னத்தின் நிழல் போய், மூக்கின் வடிவம் போய், முகம் தட்டையாகிவிடுகிறது. ஆள் கறுப்பாக இருந்தால் படத்திலும் கறுப்பாக இருக்கட்டும். நிழல்களில் என்ன நிறம் சேர்த்தால் அந்தக் கறுப்பு இன்னும் எடுப்பாகத் தெரியும் என்று தேடுங்கள். கிரேடிங்குக்கு அங்கே நிறைய வேலை இருக்கிறது.