மரியா சிபில்லா மேரியன்: புழுக்களைத் தேடிக் கப்பலேறியவர்

17-ஆம் நூற்றாண்டில் பூச்சிகளை ஆராய்ந்து வரைந்த ஜெர்மானிய ஓவியர் மரியா சிபில்லா மேரியனைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் அவருடைய ஓவியங்களின் அழகில் தொடங்கி, 52 வயதில் அட்லாண்டிக் கடலைக் கடந்த அவருடைய துணிச்சலை வியந்து முடித்துவிடுகிறார்கள். கலை வேறு, சாகசம் வேறு என்று இப்படிப் பிரித்துப் பார்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. பூச்சிகள் எங்கிருந்து தோன்றுகின்றன, எதைத் தின்று வளர்கின்றன என்று அவரைக் குடைந்துகொண்டிருந்த கேள்விக்கு ஊரில் இருந்தபடி விடை காண முடியாது என்பதால்தான் அவர் கப்பலேறினார்.

1647-இல் பிராங்க்பர்ட் நகரில் பிறந்த மேரியன், ஓவியரான மாற்றாந்தந்தையிடம் தூரிகை பிடிக்கக் கற்றார். 13 வயதிலேயே பட்டுப்புழுக்களை வளர்த்து அவற்றின் மாற்றங்களைக் கவனிக்கத் தொடங்கிவிட்டார். பூச்சிகள் சேற்றிலிருந்தும் அழுகிய பொருள்களிலிருந்தும் தாமாகவே தோன்றுகின்றன என்று படித்தவர்களும் நம்பிய காலம் அது. 1679-இல் அவர் வெளியிட்ட நூலில், முட்டை, புழு, கூட்டுப்புழு, பட்டாம்பூச்சி ஆகிய நிலைகளை, அந்தப் புழு எந்தச் செடியைத் தின்று வளர்கிறதோ அந்தச் செடியோடு சேர்த்தே ஒரே படத்தில் வரைந்து காட்டினார். உயிரினத்தை அதன் உணவிலிருந்து பிரிக்காமல் பார்க்கும் அந்தப் பார்வையைத்தான் நாம் இன்று சூழலியல் என்கிறோம்.

மணவாழ்விலிருந்து விலகி ஆம்ஸ்டர்டாமில் குடியேறிய பின், செல்வர்களின் சேகரிப்புகளில் தென்னமெரிக்கப் பூச்சிகளைப் பார்த்தார். பளபளக்கும் இறக்கைகளோடு ஊசி குத்தி வைக்கப்பட்டிருந்த அவை எங்கிருந்து தோன்றின, எதைத் தின்றன என்பதைச் சொல்ல அங்கே எதுவுமில்லை. எந்த அரசரும் எந்த வணிகக் குழுமமும் செலவை ஏற்காத நிலையில், தம் ஓவியங்களை விற்றுப் பணம் திரட்டி, உயிலையும் எழுதி வைத்துவிட்டு, 1699-இல் இளைய மகள் டொரொத்தியாவுடன் தென்னமெரிக்காவில் டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த சுரினாமுக்குப் புறப்பட்டார். அங்கிருந்த டச்சுத் தோட்ட முதலாளிகளோ, கரும்பைத் தவிர வேறொன்றைத் தேடுகிறாரே என்று அவரை ஏளனம் செய்தார்கள்.

நம் ஊர்த் தோட்டங்களில் சிவப்பும் மஞ்சளுமாகப் பூக்கும் மயில்கொன்றையையும் அவர் அங்கே வரைந்தார். டச்சு முதலாளிகளின் கொடுமைக்கு ஆளான அடிமைப் பெண்கள், தங்கள் பிள்ளைகளும் அடிமைகளாகிவிடக் கூடாது என்பதற்காக அதன் விதைகளை உண்டு கருவைக் கலைத்தார்கள் என்றும், இதைத் தம்மிடம் அவர்களே கூறினார்கள் என்றும் படத்துக்குரிய குறிப்பில் எழுதினார். வேறு பலர் வாய் திறக்காத ஒன்றை அச்சிலேற்றிய துணிவை நான் மதிக்கிறேன். அதே வேளையில், காட்டுக்குள் அவருக்குக் கோடரியால் வழி வெட்டிக் கொடுத்தவர்களும் அடிமைகள்தாம். தாவரங்களின் பயன்களை அடிமைகளிடமும் பழங்குடியினரிடமும் கேட்டறிந்ததை வெளிப்படையாகச் சொன்ன அவர், அவர்களின் பெயர்களைப் பதிவு செய்யவில்லை. மேரியனைக் கொண்டாடும் பதிவுகள் இதைத் தாண்டிச் சென்றுவிடுவது எனக்கு உறுத்துகிறது.

காய்ச்சலில் உடல் நலிந்ததால் 1701-இல் ஆம்ஸ்டர்டாம் திரும்பினார். 60 படங்களைக் கொண்ட சுரினாம் பூச்சிகளின் உருமாற்ற நூல் 1705-இல் வெளிவந்தது. பிற்காலத்தில், உயிரினங்களுக்கு அறிவியல் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயஸ் பல இனங்களுக்குப் பெயரிட்டபோது அவருடைய படங்களைச் சான்றாகக் கொண்டார்.

கொய்யாக் கிளையில் ஒரு பெரிய சிலந்தி தேன்சிட்டு போன்ற ஒரு சிறு பறவையைப் பிடித்துத் தின்னும் படம்தான் அவருக்குப் பெரும் கெட்டபெயரைத் தேடித் தந்தது. 19-ஆம் நூற்றாண்டில் லான்ஸ்டவுன் கில்டிங் என்ற பாதிரியார், சுரினாமில் காலடி வைக்காமலேயே அவருடைய படங்களைக் குறைகூறி எழுதினார். அமேசான் பகுதியில் ஆண்டுக்கணக்கில் அலைந்த இயற்கை ஆய்வாளர் ஹென்றி வால்டர் பேட்ஸ், அத்தகைய சிலந்தி பறவைகளைக் கொன்றிருந்ததை நேரில் கண்டு 1863-இல் எழுதினார். மேரியனிடம் பிழைகள் உண்டு. இருளில் ஒளிர்வதாக அவர் குறித்த பூச்சி உண்மையில் ஒளிர்வதில்லை. ஆனால் சிலந்தியைப் பொறுத்தவரை, வீட்டிலிருந்து மறுத்தவர்களைவிடக் காட்டுக்குப் போய்ப் பார்த்தவரே சரியாகச் சொல்லியிருந்தார்.