காய்ச்சல் இல்லை என்றால் நோயே இல்லையா?

முந்தாநாள் பெரியம்மாவைப் பற்றி எழுதியதற்கு வந்த பதில்களைப் படித்தேன். "எண்பது வயசு, அப்படித்தான் இருக்கும்" என்று எழுதியவர்களுக்காகவே இது. காய்ச்சல் இல்லை என்று சொல்லி ஆஸ்பத்திரியில் பெரியம்மாவைத் திருப்பி அனுப்பியது தப்பு. திரும்பவும் சொல்கிறேன், தப்பு.

வயதானவர்களுக்குக் கிருமித் தொற்று முற்றினாலும் உடம்பு சுடாமல் இருக்கலாம். நிமோனியா என்ற நுரையீரல் தொற்று வந்தும் இருமல் இல்லாமல் போகலாம். நேற்று வரை தெளிவாகப் பேசியவர் குழம்புவார், சாப்பாட்டைத் தள்ளிவிடுவார், காரணமில்லாமல் விழுவார். சிலருக்கு இவை மட்டும்தான் அறிகுறி. வழக்கமாக 97 டிகிரி இருப்பவருக்கு 99 தாண்டினாலே அது காய்ச்சல் கணக்குதான்.

அப்பாவுக்கு 99.2 இருந்தது. அன்று காலை சட்டையின் மேல் பொத்தானை மாட்டுவதும் கழற்றுவதுமாகவே நின்றுகொண்டிருந்தார். நான்தான் போட்டுவிட்டேன். "இன்னைக்கு என்ன கிழமை?" என்று மூன்று தடவை கேட்டார். மாலையில் மூச்சு வாங்க ஆரம்பித்ததும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். யாரும் மூச்சை எண்ணவில்லை. வயதானால் மறதி வரும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மறதி நோய் ஒரே ராத்திரியிலா வரும்? விடிவதற்குள் பிபியின் மேல் எண் 80க்கு இறங்கிவிட்டது. சிறுநீரகத்தில் பிடித்த தொற்று ரத்தம் வரைக்கும் போயிருந்தது. செப்சிஸ், அதாவது தொற்றால் உடம்பின் உறுப்புகளே கெட ஆரம்பிக்கும் நிலை, அந்த வார்த்தையை அன்றுதான் கேட்டேன். நாலாம் நாள் அப்பா இல்லை.

"எதற்கெடுத்தாலும் ஆண்டிபயாடிக் கேட்காதீர்கள்" என்கிறார்கள். சரி, ஒத்துக்கொள்கிறேன். ஒரு தொந்தரவும் இல்லாத வயதானவரின் சிறுநீரில் கிருமி தெரிந்தது என்பதற்காக மட்டும் மருந்து தர வேண்டியதில்லை. ஆனால் திடீரென்று குழம்பிப்போய், நிமிடத்துக்கு 22 தடவைக்கு மேல் மூச்சு வாங்கி, பிபியின் மேல் எண்ணும் 100க்குக் கீழே போனவர் வேறு. அவருக்கு உடனே ரத்தத்தைக் கல்ச்சருக்கு (என்ன கிருமி என்று வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு) எடுத்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆண்டிபயாடிக்கை ஏற்றியாக வேண்டும். இதைக் கேட்டால் பேராசையா?

டாக்டர்களுக்கு வேலை அதிகமாம். மூச்சை எண்ண ஒரு நிமிடம் போதும்.

மருத்துவம் படிக்காத நான் பேசக் கூடாதாம். படிக்கவில்லைதான். ஆனால் அப்பா எப்படிப் பேசுவார், எப்படி நடப்பார் என்று எனக்குத்தானே தெரியும்? "இவர் இப்படி இருக்கிறவர் இல்லை டாக்டர்" என்று இரண்டு தடவை சொன்னேன். அதை யாரும் சீட்டில்கூட எழுதவில்லை.

"விதி" என்று ஒருவர் எழுதியிருந்தார். அதை நீக்கிவிட்டேன், மன்னிக்கவும். அந்தப் பொத்தானைப் போட்டுவிடும்போது அப்பாவின் முகத்தை நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது.