"நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்கு

சித்திரைத் திருவிழாவுக்கு மதுரை வரும் சொந்தக்காரர்கள், அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்த கையோடு மறதி நோய் வந்த என் அம்மாவையும் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். அம்மா வாசல்வரை வந்து வரவேற்பார், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்பார். விருந்தாளிகள் முன் சற்று நேரம் தெளிவாக இருப்பது டிமென்ஷியா என்கிற இந்த மறதி நோயில் வழக்கம்தான். பொழுது சாய்ந்ததும் குழப்பமும் படபடப்பும் கூடுவதும் வழக்கம்தான். தன் வீட்டில் இருந்துகொண்டே "வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அம்மா கதவைத் தட்டும்போது எழுந்து வருவது என் மதினி மட்டுமே.

அம்மாவுக்கு ஒரு வேளை மாத்திரைகூடத் தவறுவதில்லை. மதினியின் ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துபோனது அவருக்கே தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகைகளைப் பிரிப்பதே இல்லை. இடையில் எரிந்து விழுந்தார். வாய் நீண்டுவிட்டது என்று குடும்பம் பேசியது. என்னைப் பயமுறுத்தியது அந்தக் கோபம் அல்ல, அது நின்றுபோனதுதான். அம்மா சோற்றைத் துப்பினாலும் சரி, கன்னத்தைத் தடவினாலும் சரி, மதினியின் முகத்தில் ஒரே மாதிரி வெறுமை.

சக்தி வற்றுவது, செய்யும் வேலையிலிருந்து மனம் விலகுவது, எதையும் ஒழுங்காகச் செய்யவில்லை என்ற எண்ணம்: வேலைப் பளுவால் ஆளே ஓய்ந்துபோகும் பர்ன்அவுட்டுக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் மூன்றும் மதினிக்குப் பொருந்துகின்றன. ஆனால் அந்த வரையறை வேலையிடத்துக்கு மட்டுமாம். சம்பளமும் வார விடுமுறையும் இல்லாததால் இது வேலைக் கணக்கில் வரவில்லை போலும்!

பராமரிப்பவர்களின் சுமையை அளக்க ஜாரிட் என்பவர் பெயரில் 22 கேள்விகள் உண்டு. நோயாளி பக்கத்தில் இருக்கும்போது கோபம் வருகிறதா, பொறுப்பை வேறு யாரிடமாவது விட்டுவிடத் தோன்றுகிறதா என்றெல்லாம் அதில் கேட்கிறார்கள். கேள்வித்தாளிலேயே இடம்பெறும் அளவுக்கு அது பலருக்கும் தோன்றுகிறது. நாமோ "தெய்வம் மாதிரிப் பார்த்துக்கொள்கிறாய்" என்று மதினியின் வாயை அடைத்துவிடுகிறோம். தெய்வம் எங்கே போய் முதுகுவலி என்று சொல்லும்?

ஆப்பிளும் ஹார்லிக்ஸும் போதும், இனி வேண்டாம். இரவுக்கு ஆள் வைக்கும் செலவில் பங்கு கொடுங்கள், இல்லையென்றால் வந்து கண்விழியுங்கள். மனம் விட்டுப் பேச டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இருக்கிறது, இலவசம், தமிழிலேயே பேசலாம். ஆனால் அவர் போன் பேசும் நேரத்தில் அம்மாவின் அருகில் யாராவது இருக்க வேண்டுமே.

வெள்ளி இரவு என் முறை. மதினி உசிலம்பட்டியில் தன் அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு வரட்டும். அண்ணன்மாரே, சனி இரவு யார்? இங்கே கமெண்ட் போட வேண்டாம், மதினிக்கே போன் செய்து சொல்லுங்கள்.