ஆனை எங்கே நிற்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டும்

நான் போடியில் இருக்கிறேன். அம்மா மலைக்கு மேலே, கேரளாவில் சூரியநெல்லிப் பக்கம் எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில். சாயங்காலம் போன் போட்டால் சாப்பாட்டை விசாரிப்பதற்கு முன்னால், "ஆனை எங்கம்மா நிக்குது?" என்றுதான் கேட்பேன்.

அரிசிக்காகக் கடையை உடைக்கிற காட்டானை அரிசிக்கொம்பனுக்காக ஊரே இரண்டுபட்டுச் சண்டை போட்டது ஞாபகம் இருக்கும். பன்னியார் ரேஷன் கடையை அவன் எத்தனை தடவை உடைத்தான் என்று எங்களுக்குக் கணக்கே விட்டுப்போனது. 2023 ஏப்ரல் 29-ல் மயக்க ஊசி போட்டுப் பிடித்து, பெரியாறு காட்டில் விட்டார்கள். மே 27-ல் கம்பம் தெருவுக்குள் ஓடிக்கொண்டிருந்தான். ஜூன் 5-ல் மறுபடி பிடித்து களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனார்கள். சரி, அம்மா ஊர்ப் பக்கம் என்ன ஆனது? சக்கைக்கொம்பன் என்கிற இன்னொரு ஆனை இருந்தான், பிடியானைக் கூட்டங்களும் இருந்தன. பக்கத்து இடத்துக்கு ஆனையிறங்கல் என்று பேர் வைத்துவிட்டு ஆனை ஏன் இறங்குகிறது என்று கேட்கிறோம்! அந்த வழியில்தான் 2000-களின் தொடக்கத்தில் 301 பழங்குடிக் குடும்பங்களுக்கு நிலம் கொடுத்தார்கள். கொடுத்தது நியாயம், இடம்தான் வினை. பலர் வீட்டைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

வால்பாறைக்குச் சித்தி வீட்டுக்குப் போனபோதுதான் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்தேன். பக்கத்தில் ஆனை இருந்தால், உயரமான கம்பத்தில் மினுங்கும். போனிலிருந்தே அதைப் போடலாம். காட்டுயிர் ஆய்வு செய்கிற நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன்காரர்கள் 2011 வாக்கில் தமிழிலேயே எஸ்எம்எஸ் அனுப்பவும் ஆரம்பித்தார்கள். அவர்கள் கண்டுபிடித்தது சின்ன விஷயம்தான்: அங்கே ஆனை அடித்துச் செத்தவர்களில் பெரும்பாலானோருக்கு, அங்கே ஆனை நிற்பதே தெரியாது. மங்கலில், மூடுபனியில், வேலை முடிந்து நடந்து வந்தவர்கள்.

வேலி வேண்டாம், நஷ்டஈடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் சோலார் வேலிமேல் மரத்தைத் தள்ளிவிட்டுத் தாண்டத் தெரிந்த மிருகம் அது. பட்டாசு போட்டால் அடுத்த லயத்துக்குப் போகும், அவ்வளவுதான். எனக்கு முதலில் வேண்டியது தகவல். அதுவும் நடக்கிறவர் கண்ணில் படுகிற தகவல்.

எங்களுக்கு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. போன வாரம், குட்மார்னிங் ரோஜாக்களுக்கு நடுவே, 'ஒத்தை ஆனை, பஸ் ஸ்டாப் வளைவு' என்று ஒரு வரி வந்தது. மலைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவிடம் இருப்பது பட்டன் போன். அதுவும் லயத்தில் சார்ஜில் கிடந்தது. அவர் கடைக்கு நடந்துகொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா டார்ச்சோடு ஓடி நிறுத்தியிருக்கிறார்.

அந்த வளைவில் ஒரு கம்பமும் விளக்கும் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். இதுவரை இருபத்தாறு கையெழுத்து, நாலு கைநாட்டு. அம்மா தன் பெயரைத் தமிழில் போட்டுவிட்டு, "மலையாளத்துல போடணுமோ?" என்று கேட்டார்.